நாக்குக்குத் தோதான மூன்று எழுத்து

சான்றிதழ் வந்த உறையை வீடு வரைக்கும் கொண்டுபோகும் பொறுமை சின்னவளுக்கு இல்லை. கண்ணாடிக் கடையின் பின்னறையிலேயே, லென்ஸ் அரைக்கும் மெஷினை நிறுத்திவிட்டு, ஈரக் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு, ஃபிரேமுக்குத் திருகு மாட்டுகிற குட்டித் திருப்புளியால் உறையின் ஓரத்தைக் கிழித்தாள். உள்ளே ஒரே ஒரு தாள். அதன் நடுவில் தடித்த எழுத்தில் அவளுடைய புது அழைப்புக்குறி. எழுதிக் கொடுத்த ஐந்து விருப்பங்களில் முதலாவதே கிடைத்திருந்தது. கடைசி மூன்று எழுத்து எல், என், எல். வானொலியில் சொல்கிற முறைப்படி லீமா, நவம்பர், லீமா.

"அப்பாடா!" என்று அவள் விட்ட மூச்சு முன்கடை வரைக்கும் கேட்டுவிட்டது. கடைக்காரர் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, லென்ஸு கின்ஸு உடைஞ்சிடுச்சா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள். அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. மெஷினைப் பார்த்தார், தட்டிலிருந்த லென்ஸ்களைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். பதினோரு வருஷத்தில் அந்தப் பின்னறையிலிருந்து சத்தமாக வந்த முதல் வார்த்தை அது. மனுஷன் பயப்படாமல் என்ன செய்வார்.

ஹாம் ரேடியோ தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பரீட்சை எழுதி உரிமம் வாங்கி, வீட்டில் சொந்தமாக ஒரு வானொலிப் பெட்டி வைத்து, ஊரோடும் உலகத்தோடும் பேசிக்கொண்டிருக்கிற பைத்தியங்கள் எல்லா நாட்டிலும் உண்டு. ஒவ்வொரு பைத்தியத்துக்கும் ஓர் அழைப்புக்குறி. முன்னால் நாட்டுக்குரிய எழுத்துகளும் ஓர் எண்ணும், பின்னால் அவரவருக்கென்று மூன்று எழுத்தும். பேச்சைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் அதைச் சொல்லியே ஆகவேண்டும். வயசை மறைக்கலாம், தொழிலைப் பற்றிக் கொஞ்சம் கூட்டிச் சொல்லலாம், குறியை மட்டும் விழுங்க முடியாது.

சின்னவளுக்கு உரிமத்தோடு வரிசைப்படி வந்து விழுந்த எழுத்துகள் கே, பி, டி. கிலோ, பிராவோ, டேங்கோ. பள்ளிக்கூடத்தில் வல்லினம் என்று சொல்லிக்கொடுத்தார்களே, அதையெல்லாம் பொறுக்கியெடுத்து அவள் தலையில் கட்டியிருந்தார்கள். அவளுக்குத் திக்குவாய். சினிமாவில் காட்டுவது போல ஒரே எழுத்தைப் பத்து தடவை சொல்கிற வகை அல்ல. வார்த்தை தொண்டைக்கு வரும், அங்கே கதவு சாத்திக்கொள்ளும். உதடு குவிந்தபடி நிற்கும், கண் மூடிக்கொள்ளும், கழுத்து நரம்பு புடைக்கும். பார்க்கிறவர்களுக்குத்தான் முதலில் பொறுமை போகும்.

நாற்பத்திரண்டு வருஷத்தில் அவள் ஆயிரம் குறுக்குச் சந்து கண்டுபிடித்து வைத்திருந்தாள். 'கத்திரிக்கோல்' வராவிட்டால் 'வெட்டுறது' என்பாள். 'செவ்வாய்க்கிழமை' மக்கர் பண்ணினால் 'நாளான்னைக்கு' என்பாள், அன்றைக்கு ஞாயிறாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். ஆனால் அழைப்புக்குறிக்கு மாற்றுச் சொல் ஏது?

ஆகவே அவள், புள்ளியும் கோடுமாக விரலால் தட்டி அனுப்புகிற மோர்ஸுக்குப் போனாள். விரல் திக்காது. ஆறு வருஷத்தில் அந்த ஊர்ச் சங்கத்திலேயே வேகமான கை அவளுடையது என்று பெயர் வாங்கினாள். சங்கத்துக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'புள்ளிக்கோடு'. அவள் குரலை ஒருவரும் கேட்டதில்லை. கூட்டங்களுக்கும் அவள் போவதில்லை. அவளுக்குத் தலைக்கனம் என்று பாதிப் பேர் நினைத்தார்கள், மீதிப் பேருக்கு நினைக்க நேரமில்லை.

வீட்டில் அவள் சின்னவள், அக்கா பெரியவள். இரண்டே பெண்கள் இருந்த வீட்டில் அதற்கு மேல் பெயர் தேவைப்படவில்லை. பெரியவளுக்கு மனசு தங்கம், வாய் எக்ஸ்பிரஸ் ரயில். மருத்துவமனையில் நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே அனுப்புகிற வேலை. வேலை நேரம் முடிந்தாலும் வாய்க்கு ஓய்வு கொடுக்க மாட்டாள். தங்கைக்கு ஒரு வார்த்தை நின்றால் போதும், பாய்ந்து வந்து முடித்துக் கொடுத்துவிடுவாள். வங்கியில், தபால் ஆபீஸில், தங்கையின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்த அன்றைக்கு, எல்லா இடத்திலும். திக்குகிறவர்களின் வாக்கியத்தை முடித்துக் கொடுக்கிறவர்களுக்கு, தாங்கள் புண்ணியம் செய்கிறோம் என்று நினைப்பு. பாதி நேரம் தப்பாக வேறு முடிப்பார்கள். ஒருமுறை சின்னவள் கேட்க நினைத்தது சிவப்பு ஸ்வெட்டர், அக்கா கேட்டு வாங்கித் தந்தது சாம்பல் நிறம். திருத்துவதற்கு இன்னொரு முறை திக்க வேண்டுமே என்று அதை மூன்று குளிர்காலம் போட்டுக்கொண்டு அலைந்தாள்.

குறியை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் போன மழைக்காலத்தில் வந்தது. தாழ்வான தெருக்களில் தண்ணீர் ஏறி, செல்போன் கோபுரங்கள் படுத்துவிட்டன. சங்கத்துக்காரர்கள் கையடக்கப் பெட்டிகளை வைத்துக்கொண்டு படகுகளுக்குச் செய்தி கடத்தினார்கள். சின்னவளும் சமையல் மேடைமேல் ஒரு பெட்டியை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு குரல் மிக மெலிதாக வந்தது. நூலகத்துக்குப் பின்தெரு, இரண்டாவது மாடி, பிரசவ வலி, படகு வேண்டும். செய்திகளை ஒருங்கிணைத்துக்கொண்டிருந்தவருக்கு அது கேட்கவில்லை. "யாருக்காவது கேட்டுச்சா? கேட்டவங்க சொல்லுங்க" என்று மூன்று முறை கேட்டார். தெளிவாகக் கேட்டவள் அவள் ஒருத்திதான். பொத்தானை அழுத்தினாள். முன்னெழுத்தையும் எண்ணையும் தாண்டி, கிலோ என்று சொல்ல வேண்டும். கதவு சாத்திக்கொண்டது. விட்டாள், மறுபடி அழுத்தினாள், மறுபடியும் அதே கதை. அந்தக் குட்டிப் பெட்டியில் மோர்ஸுக்கும் வழி கிடையாது.

பத்து நிமிஷம் கழித்து அந்தக் குரல் வேறொருவருக்குக் கேட்டு, படகு போய், தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதைக் கேட்டபோது அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தை அவள் மறக்கவில்லை.

"குறி சொல்லாமலே விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே?" என்றார் அவள் புருஷன், லிஃப்ட் மெக்கானிக். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. திக்காதவர்களுக்கு எல்லாமே சுலபம்.

"சொல்லணும்னு நினைச்சேன் பாருங்க, அங்கயே மாட்டிக்கிச்சு" என்றாள் சின்னவள்.

அடுத்த மழைக்கு முன்னால் சங்கம் அவசர உதவிக் குழு ஒன்றை அமைக்கப் போவதாக அறிவித்தது. சேர விரும்புகிறவர்கள் தொடர்ந்து நான்கு ஞாயிறு காலை எட்டு மணிக்கு வானொலியில் நடக்கும் வருகைப்பதிவில் தங்கள் குரலில், தங்கள் குறியைச் சொல்லிப் பதிய வேண்டும். அவளுக்கு அந்தக் குழுவில் இருக்க வேண்டும். வேறெதையும் அவள் வாழ்க்கையில் இவ்வளவு ஆசைப்பட்டுக் கேட்டதில்லை. அப்போதுதான் உரிமம் தரும் அலுவலகத்தின் படிவம் கண்ணில் பட்டது. விருப்பமான குறியைக் கேட்டு வாங்கலாம். ஐந்து விருப்பம் எழுதலாம். ஒருமுறை மாற்றிவிட்டால் பழையது போனது போனதுதான், திரும்பக் கேட்க முடியாது.

இரண்டு வாரம் சாப்பாட்டு மேசையில் எழுத்துத் திருவிழா. அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பாள், லிஃப்ட் மெக்கானிக் நோட்டில் குறித்துக்கொள்வார். வேலையில் அவருக்கு நடுமாடியில் நின்ற லிஃப்டைப் பழுது பார்த்துப் பழக்கம், ஆகவே முகத்தைச் சுளிக்காமல் எவ்வளவு நேரமும் உட்கார்ந்திருப்பார்.

"ரோமியோ நல்லா வருது" என்றாள்.

"வேணாம். ஞாயித்துக்கிழமை காலங்காத்தால என் பொண்டாட்டி ரோமியோ ரோமியோன்னு கூப்பிட்டா, கீழ்வீட்டுக்காரன் என்னை எப்படிப் பார்ப்பான்?"

"விஸ்கியும் வருது."

அதற்கு அவர் ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபித்தது போனில் கேட்டுக்கொண்டிருந்த பெரியவள். "அடியே, எனக்கு ஆஸ்பத்திரியில மரியாதை இருக்கு. என் தங்கச்சி பேருல விஸ்கி வந்தா நான் எந்த மூஞ்சியோட டாக்டர் முன்னாடி நிப்பேன்?"

மிச்சம் நின்றது லீமாவும் நவம்பரும், எம் எழுத்துக்குச் சொல்கிற மைக்கும். அதிலும் லீமாதான் ராணி. காலையில் சொன்னாலும் வந்தது, வாயில் பிரஷ்ஷோடு சொன்னாலும் வந்தது. நாட்டுக்குரிய முன்னெழுத்தும் எண்ணும் எப்போதுமே அவளுக்குத் திக்கியதில்லை. அது எல்லோருக்கும் பொது. மற்றவர்களின் குறியைச் சொன்னாலும் திக்கியதில்லை, சங்கத்துப் பேக்கரிக்காரரின் குறியில் இரண்டு பிராவோ இருந்தும்கூட. அது ஏன் என்று அவள் அப்போது யோசிக்கவில்லை. யோசித்திருக்கலாம்.

சரி, சான்றிதழ் வந்தாயிற்று. அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போதே தலையிலிருந்து மூட்டையை இறக்கி வைத்தவள் போல உட்கார்ந்திருந்தாள். வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டி, "யாரு?" என்று புருஷன் கேட்டதற்கு, "லீமா நவம்பர் லீமா!" என்றாள். தடங்கலே இல்லை. அவர் கதவைத் திறந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். அந்த வாரம் முழுவதும் அவள் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். லென்ஸில் புள்ளி வைக்கும்போது, விளிம்பைத் தேய்க்கும்போது, குழாயடியில் கழுவும்போது. நிம்மதி என்றால் என்ன என்று கேட்டால் அந்த வாரத்தைக் காட்டலாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எட்டு அடிக்க ஐந்து நிமிஷத்துக்கு முன்பே பெட்டியின் முன் உட்கார்ந்துவிட்டாள். வருகைப்பதிவை நடத்துகிறவர் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுக்கிறவர். எதிரே வீடே எரிந்தாலும் அவர் குரல் ஏறாது, இறங்காது. காற்றலையில் சங்கத்துப் பல் டாக்டர் வந்தார், பேக்கரிக்காரர் வந்தார், நூலகத்து அம்மா வந்தார்கள். நடுவில் இடைவெளி விழுந்தது. சின்னவள் மைக்கின் பொத்தானை அழுத்தினாள். முன்னெழுத்து வந்தது, எண் வந்தது. 'லீ'க்கு நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டியது.

ஒட்டியது ஒட்டியதுதான். ஒரு வாரமாக ஓடிக்கொண்டிருந்த லீமா, கூப்பிட்ட நேரத்துக்கு வரமாட்டேன் என்று உள்ளே உட்கார்ந்துகொண்டது. ஐந்து விநாடி. பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டாள்.

"யாரோ வர்றீங்க, நம்பர் வரைக்கும் வந்துது, அதுக்கப்புறம் ஆடியோ இல்லை" என்றார் ஆம்புலன்ஸ்காரர். "மைக்கைப் பாருங்க. மறுபடி வாங்க."

மறுபடி அழுத்தினாள். மறுபடியும் எண்ணோடு நின்றது. மூன்றாவது முறை எண்கூட வரவில்லை. பெட்டியை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது.

லிஃப்ட் மெக்கானிக் பக்கத்தில் வந்து நின்றார்.  ஏதாவது சொன்னால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"எல்லாம் வீண்" என்று அவளே வெடித்தாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். எழுத்து மேல பழியைப் போட்டேன். இதுக்குப் பேசாம கிலோ பிராவோ டேங்கோவையே வெச்சிட்டு இருந்திருக்கலாம்."

"இப்ப என்ன சொன்ன?"

"வீண்னு சொன்னேன்."

"அது இல்ல. கடைசியில."

"கிலோ பிராவோ டேங்கோ" என்றாள். பிறகு தான் சொன்னது தன் காதில் விழுந்து, வாயைப் பிளந்தாள். "கிலோ பிராவோ டேங்கோ. கிலோ, பிராவோ, டேங்கோ!" ஆறு வருஷமாகத் தொண்டையில் குறுக்கே கிடந்த மூன்று சொல்லும் தண்ணீராக ஓடின. வேகமாகச் சொன்னாலும் வந்தது, மெதுவாகச் சொன்னாலும் வந்தது.

"அது இப்ப உன்னோடது இல்லையே" என்றார் புருஷன் மெதுவாக. "அதான் விட்டுடுச்சு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் யாருக்குச் சிரிப்பு வந்தது என்று தெரியாது. அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சட்டப்படி திருப்பிக் கொடுத்தாயிற்று, இப்போது போய்க் கேட்டாலும் தரமாட்டார்கள். தந்தாலும் என்ன பயன்? கையில் வந்த மறுநாளே அதுவும் மக்கர் பண்ணும். எந்த மூன்று எழுத்தைக் கொடுத்தாலும், 'இது நான்' என்று சொல்லுகிற இடத்தில்தான் கதவு சாத்தும். எழுத்துகள் பாவம், அவற்றின் மேல் ஒரு தப்பும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டதில் அவளுக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். ஆனால் வந்தது நிம்மதி. இனிமேல் தேடி அலைய வேறு எழுத்து இல்லை.

அதற்குள் சங்கத்தில் வேறொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. ஹாம்காரர்களுக்கு ஒரு குணம் உண்டு. மனுஷனுக்கு வரும் எந்தக் கஷ்டமும் அவர்கள் கணக்கில் கருவிக் கோளாறுதான். பெண்டாட்டி பேசவில்லை என்று ஒருவர் சொன்னாலும், 'ஆன்டெனாவைப் பார்த்தீங்களா?' என்று கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை குரலில் வருவதாக அவள் முன்பே மோர்ஸில் சொல்லி வைத்திருந்ததால், புள்ளிக்கோடு புதுக் குறியோடு வர முயற்சி செய்து ஆடியோ வரவில்லை என்பது பரவிவிட்டது. திங்கட்கிழமை காலையிலிருந்து அவள் போன் ஓயவில்லை. மைக் ஒயர் உள்ளே அறுந்திருக்கும் என்று பல் டாக்டர் செய்தி அனுப்பினார். இணைப்பு முனையை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கச் சொன்னார் பேக்கரிக்காரர். நூலகத்து அம்மா, பேட்டரி பலவீனமாக இருந்தால் முதலில் நம்பர் வரும், அப்புறம் குரல் போய்விடும், தனக்கும் அப்படி நடந்தது என்று சொந்த அனுபவத்தையே எழுதியிருந்தார்கள். இரண்டு பேர் மைக் இரவல் தருவதாகச் சொன்னார்கள்.

ஆமாம், மைக்தான் என்று சொல்லிவிட்டால் போதும். கதை முடிந்தது. சின்னவள் இரண்டு நாள் அந்த ஆசையோடு மல்லுக்கட்டினாள். புதன்கிழமை கடைக்கு ஆம்புலன்ஸ்காரரே வந்துவிட்டார்.

கடைக்காரர் திரையை விலக்கி, "உன்னைப் பார்க்க ஒருத்தர் வந்திருக்கார்ம்மா, கையில பெட்டி சட்டியெல்லாம் இருக்கு" என்றார். பின்னால் நின்றவர் ஐம்பது வயசுக்காரர், சீருடைச் சட்டை, ஒரு கையில் மைக், இன்னொரு கையில் பற்றவைக்கிற கருவிப் பெட்டி. அந்தக் குரலுக்கு இவ்வளவு குள்ளமான ஆள் என்று அவள் நினைக்கவே இல்லை.

"புள்ளிக்கோடு நீங்கதானே? சங்கத்துப் பதிவுல கடை விலாசம் இருந்துது, ஷிஃப்ட் முடிஞ்சு அப்படியே வந்தேன். மைக்கைக் கொண்டு வந்திருக்கீங்களா? இல்லைன்னா இதை வெச்சுக்கோங்க. இது நல்ல மைக்."

அவள் மெஷினை அணைத்தாள். கையில் பாதி தேய்த்த லென்ஸ் இருந்தது. அதைத் தட்டில் வைத்தாள்.

"மைக் நல்லாதான் இருக்குங்க. நான்தான்..." என்று ஆரம்பித்தாள். அடுத்த வார்த்தை 'திக்குவேன்'. வேறு எந்தக் குறுக்குச் சந்தும் அதற்குக் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டாள், கழுத்து இறுகியது.  போனில் மூச்சுத் திணறுகிறவர்களின் முகவரிக்காக நாளெல்லாம் காத்திருக்கிற மனுஷனுக்கு, காத்திருப்பது பழக்கம். மைக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"...திக்குவேன்" என்றாள். பிறந்ததிலிருந்து அந்த வார்த்தையை யாரிடமும் அவள் வாயால் சொன்னதில்லை. எல்லாம் அக்காதான் சொல்லியிருக்கிறாள்.

ஆம்புலன்ஸ்காரர் நெஞ்சில் கை வைத்தார். "அவ்வளவுதானா? போன உசுரு திரும்பி வந்துது எனக்கு!"

அவள் விழித்தாள்.

"நான் ரிப்பீட்டர்ல கோளாறுன்னு நினைச்சுட்டேன்மா. மூணு நாளா தூக்கம் இல்லை. அது குன்று மேல இருக்கு, எழுநூத்திச் சொச்சம் படி. போன தடவை ஏறி இறங்கினதுல முட்டி ஒரு மாசம் பேசலை. திக்குறதா? திக்குங்க, தாராளமா திக்குங்க."

 குன்றின் மேல் நிற்கிற அந்த ரிப்பீட்டர்தான் ஊரிலுள்ள சின்னச் சின்ன பெட்டிகளின் குரலை வாங்கி ஊர் முழுக்கத் திருப்பிச் சொல்கிற கருவி. தன்னால் ஒருவர் அதற்காக மூன்று நாள் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்திருக்கிறார் என்பதை நினைக்க அவளுக்குப் பாவமாகவும் சிரிப்பாகவும் இருந்தது.

"எ... எவ்வளவு நேரம் பொத்தானை அழுத்திட்டு இருக்கலாம்?" என்று கேட்டாள்.

"மூணு நிமிஷம். அதுக்கு மேல போனா ரிப்பீட்டர் தானா வெட்டிடும், யாராவது தெரியாம மைக் மேல உக்காந்துட்டா என்ன பண்றதுன்னு அப்படி வெச்சிருக்கோம். நீங்க அழுத்தியிருக்கற வரைக்கும் நடுவுல வேற யாரும் பேச முடியாது, பேசினா ரெண்டு பேர் குரலும் கேக்காது." கொஞ்சம் கவலையோடு அவளைப் பார்த்தார். "மூணு நிமிஷம் போதுமா?"

மூன்று நிமிஷம்! அதற்குள் அவள் ஒரு ஜோடி லென்ஸையே ஃபிரேமில் மாட்டிவிடுவாள். இதுவரை உலகத்தில் யாரும் அவளுக்கு மூன்று விநாடிக்கு மேல் கொடுத்ததில்லை. "போதும்" என்றாள், வல்லினம் என்று பார்க்காமல், சட்டென்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியவளும் வந்திருந்தாள். மைக்கு என்ன, மூன்று நிமிஷம் என்ன என்று எல்லாவற்றையும் போனில் கேட்டுவிட்டு, வராமல் இருப்பாளா. எட்டு மணிக்குச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூன்று பேர். லிஃப்ட் மெக்கானிக் தங்கையை விட்டுவிட்டு அக்காவைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க வாயைத் திறக்கக் கூடாதுக்கா" என்றார். "உரிமம் இல்லாதவங்க மைக் பக்கத்துல பேசினா சட்டப்படி தப்பு."

அப்படி ஒரு சட்டமும் கிடையாது. ஆனால் பெரியவள் பயந்து தலையாட்டினாள்.

பல் டாக்டர் பதிந்தார். பேக்கரிக்காரர் பதிந்தார். இடைவெளி விழுந்தது. சின்னவள் பொத்தானை அழுத்தினாள். முன்னெழுத்து வந்தது. எண் வந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது.

அவள் விரலை எடுக்கவில்லை. கண்ணை மூடவும் இல்லை. பெட்டியின் முகப்பில் எரிகிற சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எரிகிற வரைக்கும் ஊர் முழுக்க அவளுடையது, ஒருவரும் குறுக்கே வர முடியாது. எதிரே அக்காவின் உதடு 'லீ' என்று குவிந்தது. வார்த்தை அக்காவின் பல்லுக்குப் பின்னால் தயாராக நின்றது. இத்தனை வருஷமும் அங்கிருந்து எத்தனை வார்த்தை வெளியே வந்திருக்கும்! பெரியவள் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் இரண்டும் கையின் மேலிருந்து பிதுங்கிப் பார்த்தன.

நேரம் போனது. எங்கோ ஊரின் பல மூலைகளில் சிலர் காப்பிக் கோப்பையோடு வெறும் இரைச்சலைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். கதவு தள்ளினால் திறக்காது என்று அவளுக்குத் தெரியும். தள்ளாமல் இருந்தாள்.

"லீமா நவம்பர் லீமா" என்றாள். குரல் கொஞ்சம் கரகரத்தது. "வணக்கம். எல்லாருக்கும்."

விரலை எடுத்தாள். சிவப்பு விளக்கு அணைந்தது.

"லீமா நவம்பர் லீமா, வணக்கம்" என்றார் ஆம்புலன்ஸ்காரர், ஏறாத இறங்காத அதே குரலில். "சிக்னல் சுத்தமா இருக்கு, ஆடியோ நல்லா இருக்கு. அவசரக் குழுவுக்கு ஒண்ணாவது வாரம்னு குறிச்சுக்கிட்டேன். அடுத்தது யாரு?"

அடுத்தது நூலகத்து அம்மா. அதற்கடுத்து இன்னொருவர். வருகைப்பதிவு பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. யாரும் கைதட்டவில்லை, பாராட்டவில்லை, அய்யோ பாவம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.  இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருஷம் என்று தோன்றி, சின்னவள் சிரிப்பும் வராமல் அழுகையும் வராமல் உட்கார்ந்திருந்தாள். இன்னும் மூன்று ஞாயிறு இருக்கிறது. அவற்றிலும் திக்கும். திக்கட்டும் என்று இருந்தது.

பெரியவள் வாயிலிருந்து கையை எடுத்து நெடுமூச்சு விட்டாள். "எவ்வளவு நேரம் ஆச்சு மாப்ளே? ரெண்டு நிமிஷம் இருக்குமா?"

"பதினாலு செகண்டு" என்றார் லிஃப்ட் மெக்கானிக், கடிகாரத்தைப் பார்த்து.

"பதினாலா?" பெரியவள் நம்பவில்லை. "வெறும் பதினாலு செகண்டா?"

"பதினாலுதான்கா."

பெரியவள் பேச்சில்லாமல் இருந்தாள். அவள் அப்படி இருந்ததை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. மேசைத் துணியின் ஓரத்தைச் சுருட்டினாள், விரித்தாள். பிறகு தங்கையைப் பார்த்து, மருத்துவமனையில் நூறு பேருக்குக் கேட்கிற அந்தக் குரல் உள்ளே இறங்கிப்போய், மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ, நான் மட்டும் கொஞ்சம் சும்மா இருந்திருந்தா, எல்லாத்தையும் நீயே சொல்லியிருப்பியாடி?"

"எல்லாத்தையும் இல்லக்கா" என்றாள் சின்னவள். அடுத்த வார்த்தை உதட்டில் வந்து நின்றது. உதடு ஒட்டிக்கொண்டது, கழுத்து இறுகியது. அது என்ன வார்த்தை என்று பெரியவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அவள் வாய் திறந்தது. திறந்தபடியே நின்று, மெல்ல மூடிக்கொண்டது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தங்கையின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், அவள் காத்திருந்தாள்.

"பாதி" என்றாள் சின்னவள் கடைசியில்.

பெரியவள் அழுதுகொண்டே சிரித்தாள்.